அந்தக் குழந்தையின் தலைக்கு அணை எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கற்கால மனிதர்கள் பிணத்தைப் புதைத்தது நாற்றத்துக்கும் காட்டு விலங்குகளுக்கும் பயந்துதான் என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அதற்காகத்தான் என்றால் தொலைவில் கொண்டுபோய்ப் போட்டாலே போதுமே!

கென்யாவின் பாங்கா யா சைதி குகையில் கிடைத்த குழந்தையைப் பாருங்கள். சுமார் 78,000 ஆண்டுகளுக்கு முந்தையது, இரண்டரை அல்லது மூன்று வயதுதான் இருக்கும். தொட்டாலே உதிரும் எலும்புகள் என்பதால் மண்ணோடு சேர்த்துக் கட்டியாகப் பெயர்த்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2021-இல் முடிவுகள் வெளிவந்தன. குழி தோண்டி, முழங்கால்களை மார்போடு மடக்கி, வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். மேலுடம்பை எதையோ கொண்டு இறுகச் சுற்றியிருக்கிறார்கள். தலையும் கழுத்தெலும்புகளும் மட்டும் இடம் மாறிச் சரிந்திருந்தன. தலைக்கு அடியில் வைத்த அணை மக்கிப்போனதால்தான் அந்தச் சரிவு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நாற்றத்துக்குப் பயந்து புதைப்பவர் தலைக்கு அணை கொடுப்பாரா?

ரஷ்யாவின் சுங்கீரில் சுமார் 34,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு சிறுவர்களைத் தலையோடு தலை சேர்த்துக் கிடத்தியிருக்கிறார்கள். அவர்கள் மேல், மாமத் என்ற அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செய்த 10,000-க்கும் அதிகமான மணிகள். உடை மக்கிவிட்டது, அதில் தைத்த மணிகள் மட்டும் எலும்புகளின் மேல் வரிசை குலையாமல் கிடந்தன. ஒவ்வொன்றும் கையால் செதுக்கித் துளையிட்டது. எத்தனை பேர், எத்தனை நாள் உட்கார்ந்து செய்திருப்பார்கள்! டென்மார்க்கின் வெட்பெக்கில் ஒரு பச்சிளங்குழந்தையை இளம்பெண் ஒருத்தியின் பக்கத்தில், அன்னத்தின் சிறகு மேல் கிடத்தியிருந்தார்கள்.

சரி, எல்லாவற்றையும் பாசம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஈராக்கின் ஷனிதார் குகையில், அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தாலைச் சேர்ந்த ஒருவரின் எலும்புகளோடு மகரந்தம் கிடைத்ததும், பூ வைத்துப் புதைத்தார்கள் என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. வளை தோண்டும் எலிகளோ தேனீக்களோ அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். அதனால் நான் அந்தப் பூக்களைச் சாட்சிக்கு இழுக்கவில்லை. ஆனால் தந்த மணிகளை எந்த எலியும் உடையில் தைத்திருக்காது.

தொடரின் அடுத்த பகுதியில் இந்தக் குழந்தைகளைப் பற்றியும் கட்டுரையாளரை எழுதச் சொல்லுங்கள். பாங்கா யா சைதி குழந்தை கிடந்த நிலையைப் படமாகவும் போட்டால் வாசகர்களே பார்த்து ஒரு முடிவுக்கு வரலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்