தாளில் உள்ளபடி வயரிங் செய்ததற்கு வாரண்டி மறுப்பு

அனுப்புநர்:
மோட்டார் வைண்டிங் கடைக்காரர்,
அம்மாப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: இரட்டை மோட்டார் விமான கிட் – கன்ட்ரோலர் பழுது தொடர்பாக.

ஐயா,

என் அண்ணன் மகளுக்காகத் தங்களிடம் வாங்கிய ரிமோட்டில் பறக்கும் இரட்டை மோட்டார் மாடல் விமான கிட்டில், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கன்ட்ரோலர் ஒன்று போய்விட்டது. "வயரிங் தவறு, வாரண்டி கிடையாது" என்று பதில் அனுப்பியிருக்கிறீர்கள். வயரிங் கிட்டோடு வந்த உங்கள் செய்முறைத் தாளில் அச்சிட்டிருக்கிறபடிதான் செய்தோம்.

இரண்டு கன்ட்ரோலரின் சிக்னல் பிளக்கையும் ஒய் கேபிளில் (இரண்டை ஒன்றாகச் சேர்க்கும் வயர்) செருகி, ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரின் திராட்டில் (மோட்டார் வேகம்) சேனலில் கொடுக்கச் சொல்கிறது தாள். இரண்டிலுமே ரிசீவருக்கும், வால், இறக்கை மடிப்புகளை அசைக்கும் சர்வோவுக்கும் 5 வோல்ட் கொடுக்கும் பி.இ.சி. என்ற சர்க்யூட் இருக்கிறது. ஸ்விட்சிங் வகை என்று உங்கள் அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கிறது. இரண்டையும் இப்படிச் சேர்த்துவிட்டால் எதில் வோல்டேஜ் ஒரு இழை கூடுதலோ, அதன் தலையில்தான் மொத்த லோடும் விழும். ஒரு பிளக்கிலிருந்து அந்த 5 வோல்ட் வரும் சிவப்பு வயரை மட்டும் உருவி, முனையில் டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. கருப்பும் வெள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். இந்த ஒரு வரி தாளில் இல்லை.

சந்தேகப்பட்டுப் போனில் கேட்டேன். "தாள்ல உள்ளபடியே போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார் உங்கள் ஆள். புரொப்பல்லர் மாட்டாமல் கடை பெஞ்சில் வைத்துத்தான் ஓட்டினோம். சர்வோக்கள் நடுங்கின, பிறகு அடங்கிவிட்டன. இடது கன்ட்ரோலரின் உறை ஓரத்தில் கொப்புளம் போல எழும்பியிருக்கிறது. வாரண்டிக்காக அதைப் பிரிக்கவில்லை.

அதே தாளில் இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று உண்டு. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் பேட்டரியின் சிவப்பு, கருப்பு வயர்களை மாற்றிப் போட வேண்டுமாம்! பிரஷ்லெஸ் கன்ட்ரோலரில் அப்படிச் செய்தால் அந்த நொடியே புகைதான். மோட்டாருக்குப் போகும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மாற்றினால் போதும். த்ரீ பேஸ் தறி மோட்டார் பார்க்கிற எங்கள் கடைப் பையனுக்கே தெரியும். பேட்டரி வயரை மாற்றும் அந்த வேலையை நாங்கள் செய்யவில்லை. வேறு யார் வீட்டில் செய்தார்களோ!

இறக்கைக்கு எட்டாவிட்டால் பேட்டரி வயரை நீட்டவும் சொல்லியிருக்கிறீர்கள். நீட்டுவதென்றால் மோட்டார் பக்கத்து வயரைத்தான் நீட்ட வேண்டும். பேட்டரிப் பக்கம் நீண்டால் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டர்தான் அடி வாங்கும்.

எனக்கு ஒரு கன்ட்ரோலர் போதாது, ஜோடியாகத்தான் வேண்டும். இரண்டும் ஒரே மாடலாக இல்லாவிட்டால் ஒரு மோட்டார் முந்திக் கிளம்பும். பேட்டரி இறங்கும்போது ஒன்று முதலில் நின்று, விமானம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். இந்தக் கிட்டை வாங்கிய எல்லோருக்கும் திருத்திய தாளையும் அனுப்புங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

பில் நகலும் தாளின் போட்டோவும் இணைத்திருக்கிறேன். பழுதான கன்ட்ரோலரைக் கூரியரில் அனுப்பத் தயார், செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்