வாடகை மிச்சம் என்று வண்டி வீடு வாங்குமுன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓய்வு பெற்ற தம்பதிகள் வாடகை வீட்டை விட்டுவிட்டு ஃபிஃப்த் வீல் கேம்பரில் (பிக்கப்பின் முதுகில் பூட்டி இழுத்துச் செல்லும் வண்டி வீடு) நிரந்தரமாகக் குடியேறலாம் என்ற யோசனை தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்திருந்தது. படங்கள் அழகு. ஆனால் கணக்கில் வண்டியின் விலையும் மாத வாடகையும் மட்டுமே இருந்தன. எடை, மின்சாரம், ஈரம் மூன்றையும் காணோம். பினாங்கில் இந்த வண்டியை வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்பவர் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் சுட்டுக்கொள்வார்.

பட்டர்வொர்த் துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கும் நம்மவர்களுக்கு ஃபிஃப்த் வீல் புதிதல்ல. பிரைம் மூவரின் (கொள்கலனை இழுக்கும் லோரித் தலை) முதுகில் கிரீஸ் பூசிக் கிடக்கும் லாட வடிவத் தட்டும், பின்வண்டியின் அடியிலிருந்து அதில் போய்ப் பூட்டிக்கொள்ளும் கிங்பின் என்ற இரும்பு முளையும்தான் அது. கேம்பருக்கு அதே ஏற்பாடு சிறிய அளவில் பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ உட்காரும். அதனால்தான் கொக்கியில் மாட்டும் கேரவனைப் போல வாலாட்டாமல் வருகிறது. ஆனால் கேரவன் தன் எடையில் 10 முதல் 15 விழுக்காட்டைத்தான் கொக்கியில் ஏற்றும். ஃபிஃப்த் வீல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைப் பிக்கப்பின் முதுகில் இறக்கிவிடும்.

அமெரிக்காவில் நிரந்தரக் குடியிருப்புக்கு வாங்கும் 10 மீட்டர் கேம்பர் ஒன்று காலியாக 4,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 200 லிட்டர், அது 200 கிலோ. துணிமணி, பாத்திரம், கிரைண்டர், கேஸ் தோம்பு, சாமிப் படங்கள் எல்லாம் ஏறினால் 5,200 கிலோவைத் தொடும். ஐந்தில் ஒன்று 1,040. நம் ஊரில் ஓடும் ஹைலக்ஸ், டிரைடன் வகைப் பிக்கப்புகள் ஆட்கள், சாமான், இணைப்புத் தட்டு எல்லாம் சேர்த்துச் சுமப்பதே ஏறத்தாழ ஒரு டன்தான். அதிகபட்ச இழுவைத் திறன் 3.5 டன். "இழுத்துப் பார்த்தோம், வந்தது" என்பார்கள். இழுக்கும், ஆனால் நிறுத்தச் சொன்னால் நிற்காது. இரட்டைக் கேபின் பிக்கப்பின் தொட்டி ஒன்றரை மீட்டர்தான் என்பதால் இறுக்கமான வளைவில் கேம்பரின் மூக்கு கேபின் கண்ணாடியை இடிக்கும் வாய்ப்பும் உண்டு. விற்பவர் காட்டும் தாளில் இருப்பது காலி எடை. முழுச் சாமானோடு எடைமேடையில் ஏற்றி வாங்கிய சீட்டைத்தான் நம்பலாம்.

அப்படியானால் பிரைம் மூவரில் கொண்டுவந்து ஓரிடத்தில் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்தலாம்தான். நகரவே போவதில்லை என்றால் அதே காசுக்குக் கேபின் வீடு (பட்டறையில் செய்து கொண்டுவந்து இறக்கும் பெட்டி வீடு) மேல். அதன் கூரையும் சுவரும் நம் மழைக்கென்றே கட்டப்பட்டவை.

கட்டுரையில் விடுபட்ட இன்னொரு சங்கதி, கதவு. அமெரிக்க வண்டிக்குக் கதவு வலப்பக்கம். அங்கே அது சாலையோரம், இங்கே அது போக்குவரத்துப் பக்கம். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திப் படியை இறக்கினால் கால் வைக்கும் இடம் லோரி போகும் தடம். பிரிட்டன், ஆஸ்திரேலிய வண்டிகளுக்குக் கதவு இடப்பக்கம் என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

மின்சாரத்துக்கு வருவோம். அமெரிக்க வண்டியின் உள் வயரிங் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 50 ஆம்பியர் வண்டியில் 120 வோல்ட் லைன் இரண்டு தனித்தனியாக உள்ளே போகும். விவரம் தெரியாத வயர்மேன் நம் லைனை நேரே கொடுத்தால் ஒரே நிமிடத்தில் மைக்ரோவேவிலிருந்து சார்ஜர் வரை போய்விடும். மின்மாற்றி வைத்தாலும் அது வோல்ட்டைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60-க்குச் செய்த ஏர்கோன் கம்ப்ரசர் 50-இல் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, சூடேறி, சீக்கிரம் படுத்துவிடும். கூரை ஏர்கோனைக் கழற்றிவிட்டு ஒரு குதிரைத்திறன் இன்வெர்ட்டர் ஏர்கோன் போடுவதும், 230 வோல்ட் பகுதி முழுவதையும் மின்கசிவு கண்டதும் லைனை வெட்டும் 30 மில்லிஆம்பியர் துண்டிப்பானோடு உரிமம் பெற்ற வயர்மேனை வைத்துப் புதிதாக இழுப்பதும்தான் சரி. வீட்டு 13 ஆம்பியர் பிளக்கிலிருந்து வயர் இழுத்தால் மொத்தம் சுமார் 3,000 வாட்தான் கிடைக்கும். அந்த வயரைச் சுருளாகவே விட்டு ஏர்கோன் ஓட்டினால் சுருளின் நடுவில் வெப்பம் தங்கி ரப்பர் உருகும். முழுவதையும் பிரித்துப் போட வேண்டும்.

சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கு: இரவு 8 மணி நேர ஏர்கோனுக்கு 3 முதல் 4 யூனிட் வேண்டும். 12.8 வோல்ட், 300 ஆம்பியர்-மணி லித்தியம் மின்கலம் நிறைந்திருந்தால் 3.8 யூனிட். 1,000 வாட் தகடுகள் நம் மேகமூட்டத்தில் இழப்பு போக நாளுக்கு 3 யூனிட் தந்தால் நல்ல நாள். கூரை நிறையத் தகடு போட்டும் ஓர் இரவின் குளிர்ச்சிக்கே இழுபறி. ஃபிரிட்ஜ், விளக்கு, தண்ணீர் பம்ப் அதற்கு மேல்.

வண்டியைத் தின்பது ஈரம்தான். பல கேம்பர்களின் கூரை மெல்லிய ரப்பர் விரிப்பு. காற்றோட்டக் குழாய், ஏணி, ஆன்டெனா என்று துளைத்த இடமெல்லாம் தானாகப் பரவிப் படியும் பசையால் அடைத்திருப்பார்கள். நம் வெயிலில் அந்தப் பசை வெடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலே ஏறி (பலகை போட்டு முட்டி போட வேண்டும், மிதிக்கக் கூடாது) ஒவ்வோர் அடைப்பின் ஓரத்தையும் நகத்தால் நெருடிப் பார்க்க வேண்டும். தூக்கினால் அந்தத் துண்டை எடுத்துவிட்டு, ஆல்கஹாலால் துடைத்துக் காயவிட்டு, அதே வகைப் பசையைப் புதிதாக இட வேண்டும். மண்ணெண்ணெய், தின்னர் பட்டால் ரப்பர் உப்பும். கடையில் மலிவாகக் கிடைக்கும் சிலிக்கோனைத் தொடவே வேண்டாம். அது ரப்பரில் ஒட்டாது, அதன் மேல் வேறெதுவும் ஒட்டாது. பிறகு சரியான பசை வாங்கினாலும் முதல் வேலை சிலிக்கோனைச் சுரண்டுவதுதான்.

பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் வெறுங்காலில் உள்ளே நடக்கட்டும். நிறுத்திய பிறகு பக்கவாட்டில் வெளியே தள்ளி விரிக்கும் அறையின் மூலைகளில் குதிகாலை அழுத்தினால் தரை பிஸ்கட் போல அமுங்கும் இடம் தெரியும். வெளிச் சுவரைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தால் அலை அலையாக உப்பியிருக்கும். தண்ணீர் உள்ளே போய்ப் பலகையும் ஃபைபரும் பிரிந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். அதைச் சரிசெய்யும் செலவுக்கு வண்டியையே விட்டுவிடலாம்.

கூரையிலிருந்து மட்டும்தான் தண்ணீர் வரும் என்றில்லை. இட்லிக் குக்கரும், கொதிக்கும் சாம்பாரும், தூங்குபவர்களின் மூச்சும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்தான். மெத்தையைத் தூக்கினால் அடியில் கறுப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். மெத்தைக்கு அடியில் முழுப் பலகை வேண்டாம், இடைவெளி விட்ட சட்டங்கள் வேண்டும். தாளிக்கும்போது வெளியே இழுக்கும் விசிறி ஓட வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தோம்பு வைக்கும் அறைக்குத் தரை மட்டத்தில் துளை இருக்க வேண்டும், எச்சரிக்கைக் கருவியும் தரையோரம்தான் பொருத்த வேண்டும்.

கழிவறை பற்றிக் கட்டுரை நாசூக்காக ஒன்றும் சொல்லவில்லை. அமெரிக்காவில் முகாம்தோறும் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடும் இடம் உண்டு. இங்கே அதற்கு லோரியைக் கூப்பிட வேண்டும். தொட்டியின் வால்வை எப்போதும் மூடி வைத்து, முக்கால் அளவு நிறைந்த பிறகே திறக்க வேண்டும். திறந்தே விட்டால் தண்ணீர் ஓடி, கெட்டியானது மட்டும் குவிந்து காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் பழக்கம் இந்த விஷயத்தில் நல்லதுதான், கெட்டிப்படாது. ஆனால் தொட்டி வேகமாக நிறையும். கையில் தூக்கும் 20 லிட்டர் பெட்டி வகை என்றால் இரண்டு பேருக்கு ஒரு நாள் தாங்கினால் அதிசயம்.

டயரின் மேல்வரிகள் தேயாமல் இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியது புதிது போல் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

பதிவும் ஓட்டுநர் உரிமமும் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்க வேண்டியவை. குடியிருக்க நிறுத்தலாமா என்பது மாநகராட்சியில் கேட்க வேண்டியது. முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதெல்லாம் முடிந்து பாலேக் பூலாவில் தெரிந்தவர் தோட்டத்தில் இடம் கிடைத்தால், நிழலுக்கு ஆசைப்பட்டு டுரியான் மரத்தடியில் மட்டும் நிறுத்த வேண்டாம். கூரையின் பிளாஸ்டிக் ஜன்னல் ஒரு பழத்துக்குக்கூடத் தாங்காது.

இப்படிக்கு,
இழுவை வண்டிப் பட்டறைக்காரர்கள்,
பட்டர்வொர்த், பினாங்கு.