ஹலோவீன் பூசணிக்குள் மாட்டிறைச்சி ஸ்டூ: படத்தோடு அளவையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் பிறந்தால் இங்கே ரொறன்ரோவில் தமிழ்ப் பத்திரிகைகளின் சமையல் பக்கங்களும் பூசணி நிறத்துக்கு மாறிவிடுகின்றன. ஹலோவீன் விருந்து என்றதும் முதலில் வந்து நிற்பது, குடைந்த பூசணிக்காய்க்குள் ஆவி பறக்கும் மாட்டிறைச்சி ஸ்டூ. படம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் எந்தப் பூசணி, இறைச்சியில் எந்தப் பகுதி, எத்தனை பாகைச் சூடு, எவ்வளவு நேரம் என்ற விவரங்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. “எல்லாவற்றையும் பூசணிக்குள் போட்டு வேகவிடவும்” என்ற ஒற்றை வரியை நம்பி இறங்குபவர் வீட்டில், விருந்தாளிகள் கதவைத் தட்டும் நேரத்தில் பூசணி இடிந்து தட்டில் பரவிக் கிடக்கும், இறைச்சியோ இன்னும் பல்லுக்கு வசப்படாமல் இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

அடிப்படைத் தவறு அந்த ஒற்றை வரியில்தான் இருக்கிறது. ஸ்டூவுக்கு உரிய இறைச்சி மென்மையாக இரண்டரை மணி நேரமாவது வேண்டும். பூசணியின் சதை ஒரு மணி நேரத்தில் குழைந்துவிடும். இரண்டையும் ஒன்றாக ஓவனில் வைத்தால் இறைச்சி பாதி வேகும்போதே பூசணியின் அடி விட்டுவிடும். ஆகவே ஸ்டூவைச் சட்டியில் முழுதாகச் சமைத்து, பூசணியைத் தனியே வாட்டி, பரிமாறுவதற்குச் சற்று முன்பு இரண்டையும் சேர்க்க வேண்டும். ஆர்ஜென்டீனாவில் பூசணிக்குள் பரிமாறும் ‘கார்போனாடா’ என்ற மாட்டிறைச்சி ஸ்டூவையும் இந்த முறையில்தான் செய்வார்கள். அதில் சோளமும் உலர்ந்த பழங்களும் சேரும்.

எட்டுப் பேருக்கான அளவு இது. எலும்பில்லாத தோள்பட்டை இறைச்சி ஒன்றரைக் கிலோ வேண்டும். கனடாவில் இதற்கு ‘பிளேட் ரோஸ்ட்’ என்றும் அமெரிக்காவில் ‘சக் ரோஸ்ட்’ என்றும் பெயர். ‘ஸ்டூயிங் பீஃப்’ என்று வெட்டி அடைத்து விற்பதை வாங்காமல், ஒரே துண்டாக வாங்கி வீட்டில் 4 சென்ரிமீற்றர் கட்டிகளாக வெட்டுங்கள். அடைத்து விற்பதில் தொடைப் பகுதியும் கலந்திருக்கும். கொழுப்பும் சவ்வும் குறைந்த தொடை இறைச்சி வேக வேக வறண்டுபோகும். தோளில் உள்ள சவ்வு நீண்ட, மெதுவான சூட்டில் கரைந்து குழம்புக்கு வழவழப்பைத் தரும். ஒன்றரை மணி நேரம் கழித்தும் இறைச்சி கடினமாக இருந்தால் அதிகமாக வெந்துவிட்டது என்று பதறி இறக்கிவிடுகிறார்கள். அது இன்னும் வேகவில்லை என்பதுதான் உண்மை. முள்ளுக்கரண்டியைக் குத்தித் திருகினால் இழை பிரிய வேண்டும். அதுதான் பதம்.

இறைச்சியில் இரண்டு தேக்கரண்டி உப்புத் தடவி ஒரு மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பிறகு காகிதத் துவாலையால் ஈரத்தை முற்றாக ஒற்றி எடுங்கள். அடி கனமான சட்டியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் நன்றாகச் சூடானதும் மூன்று நான்கு தடவையாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் சிவக்க வாட்டுங்கள். பெரும்பாலான ஸ்டூ சப்பென்று போவது இந்தக் கட்டத்தில்தான். ஈரம் இருந்தாலோ, சட்டி நிறையக் கொட்டினாலோ இறைச்சியிலிருந்து நீர் ஊறி, வாட்டுவதற்குப் பதில் அவிந்து சாம்பல் நிறமாகிவிடும். அந்த மணமும் நிறமும் பிறகு எதைப் போட்டாலும் வராது.

இறைச்சியை எடுத்துவிட்டு அதே சட்டியில் பெரிய வெங்காயம் இரண்டை எட்டு நிமிடம் வதக்குங்கள். நசுக்கிய பூண்டு ஐந்து பல், தக்காளிப் பசை மூன்று மேசைக்கரண்டி சேர்த்து, பசை செங்கல் நிறத்துக்கு வரும்வரை கிளறுங்கள். கோதுமை மா மூன்று மேசைக்கரண்டி தூவி ஒரு நிமிடம் வறுத்து, 300 மில்லிலீற்றர் ‘ஸ்டவுட்’ என்ற கறுப்பு பியரை ஊற்றி, அடியில் ஒட்டியதையெல்லாம் மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். மது சேர்க்காதவர்கள் அதே அளவு இறைச்சிச் சாறும் ஒரு மேசைக்கரண்டி வினாகிரியும் சேர்க்கலாம். பிறகு உப்புக் குறைந்த மாட்டிறைச்சிச் சாறு 900 மில்லிலீற்றர், பிரிஞ்சி இலை இரண்டு, தைம் நான்கு கொத்து, இடித்த மிளகு ஒரு தேக்கரண்டி, கொட்டை நீக்கிய உலர்ந்த கறுப்புப் பிளம்ஸ் பத்து. ஸ்டவுட்டும் பிளம்ஸும் சேர்ந்து தரும் கருமை ஹலோவீனுக்குப் போதும். கறுப்புச் சாயமோ கரித்தூளோ வேண்டாம். உணவில் சேர்க்கும் கரித்தூள், விருந்தாளி சாப்பிடும் மாத்திரைகளை உடலில் சேரவிடாமல் தடுக்கக்கூடியது.

வாட்டிய இறைச்சியைத் திரும்பப் போட்டு, கொதி வந்ததும் மூடி, 325 பாகை பாரன்ஹீட் (160 செல்சியஸ்) ஓவனில் ஒன்றரை மணி நேரம் விடுங்கள். குமிழி மெல்ல எழுந்தால் போதும். தளதளவென்று கொதித்தால் இறைச்சியின் நார் இறுகி, உள்ளிருக்கும் சாற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். பிறகு தடித்த துண்டுகளாக வெட்டிய கரட் நான்கும், குழையாத மஞ்சள் உருளைக்கிழங்கு அரைக் கிலோவும் சேர்த்து இன்னும் ஒரு மணி நேரம். முதலிலேயே போட்டால் கிழங்கு கரைந்துவிடும். உப்பைக் கடைசியில்தான் சரி பாருங்கள், சாறு வற்ற வற்ற உப்பு ஏறும். வழக்கமான ஸ்டூவைவிட இது கெட்டியாக இருக்க வேண்டும். பூசணிச் சதை நீர் விடும், இனிப்பையும் சேர்க்கும். முடிவில் ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டால் அந்த இனிப்புத் தூக்காது.

இனிப் பூசணி. வாசலில் முகம் வெட்டி விளக்கேற்ற விற்கும் பெரிய பூசணிகள் அதற்கென்றே வளர்க்கப்படுபவை. ‘ஹவ்டன்’ வகை அதில் பெயர் பெற்றது. சதை நார் நாராகவும் நீர்த்தும் இருக்கும், சுவை குறைவு. சமையலுக்கு ‘பை பம்ப்கின்’ அல்லது ‘ஷுகர் பம்ப்கின்’ என்று விற்பவைதான் ஏற்றவை. ஒரு பெரிய பூசணிக்குப் பதிலாக, தலா இரண்டு கிலோ எடையுள்ள மூன்றை வாங்குவதே என் பரிந்துரை. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு லீற்றர் கொள்ளும், சீராக வேகும், ஒன்று சரிந்தாலும் மற்ற இரண்டு இருக்கும். காம்பு உறுதியாக, அடி தட்டையாக, தோலில் மெத்தென்ற இடம் இல்லாமல் பார்த்து எடுங்கள்.

மூடியை வெட்டும்போது கத்தியை உள்நோக்கிச் சரித்து வெட்டுங்கள். நேராக வெட்டினால் பூசணி வாடியதும் மூடி உள்ளே விழும். விதையையும் நாரையும் வழித்தெடுக்கலாம், சுவர் மட்டும் இரண்டரை சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. சுவர் மெலிந்தால் பாரம் தாங்காது. குடைந்ததும் அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். எவ்வளவு கொள்ளும் என்பதும், ஒழுக்கு இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் சதையில் ஒரு சிறு துண்டைச் சுவைத்தும் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் எறிந்துவிடுங்கள். குக்கர்பிட்டசின் என்ற அந்தக் கசப்புப் பொருள் வேகவைத்தாலும் போகாது. வாந்தி பேதி வரை கொண்டுபோய்விடும். கசக்கும் கொடிக்காய்களுக்குப் பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். பேய்களின் பெயரால் கொண்டாடும் இந்த நாளில் அந்த எச்சரிக்கையை நினைவில் வைப்பது பொருத்தம்.

உள்ளே வெண்ணெயும் உப்பும் மிளகும் தடவி, விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்து, தட்டில் ஒரு சென்ரிமீற்றர் நீர் விட்டு, மூடியைப் பக்கத்தில் வைத்து, 350 பாகையில் (175 செல்சியஸ்) வாட்டுங்கள். 40 நிமிடத்திலிருந்து கவனியுங்கள். உட்புறச் சதையில் கரண்டி சற்றே அழுந்த வேண்டும், வெளித்தோலை விரலால் அழுத்தினால் நிமிர்ந்து நிற்க வேண்டும். உள்ளே ஊறிய நீரை ஒற்றி எடுத்துவிட்டு, கொதிக்கும் ஸ்டூவை முக்கால் அளவுக்கு நிரப்பி, இன்னும் 15 நிமிடம் ஓவனில் விடுங்கள். ஆறிய ஸ்டூவை ஊற்றினால் அது சூடாகும் நேரத்துக்குள் பூசணி தொய்ந்துவிடும். ஓவனிலிருந்து எடுத்தபின் பூசணியைத் தட்டோடுதான் மேசைக்குக் கொண்டுபோக வேண்டும். கையால் தூக்கினால் அடி கழன்று, கொதிக்கும் குழம்பு காலில் கொட்டும். பரிமாறும்போது அகப்பையால் சதையையும் மெல்லச் சுரண்டிப் போடலாம், தோல்வரை தோண்டாதீர்கள்.

ஹலோவீன் அன்று இங்கே சூரியன் மாலை ஆறுக்குச் சற்றுப் பின் மறைகிறது. பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போய்த் திரும்ப எட்டு மணியாகும். ஆகவே ஸ்டூவை முதல் நாளே செய்துவையுங்கள். மேலே உறையும் கொழுப்பை வழித்தெடுக்கலாம், சுவையும் கூடும். பூசணியை மட்டும் அவர்கள் திரும்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஓவனில் ஏற்றினால் போதும். முதல் நாள் செய்ததைப் பெரிய சட்டியோடு அடுப்பில் விட்டுத் தூங்கிவிடாதீர்கள். ஆழமான சட்டியில் நடுப்பகுதி ஆற நெடுநேரம் எடுக்கும், கொதித்தாலும் சாகாத சில பக்டீரியா வித்துகள் அந்த வெதுவெதுப்பில் பெருகும். ஐந்து சென்ரிமீற்றர் ஆழமுள்ள தட்டுகளில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் ஸ்டூ எல்லாப் பக்கமும் கொதிக்கும்படி சூடாக்குங்கள். பூசணியில் மிஞ்சுவதையும் மேசையிலேயே விட்டுவைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

அலங்காரத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பார்ஸ்னிப் கிழங்கை ஆறு சென்ரிமீற்றர் துண்டுகளாக்கி, இரு நுனியிலும் ஆங்கில ‘வி’ வடிவில் வெட்டி, 400 பாகையில் 25 நிமிடம் வாட்டினால் எலும்புத் துண்டுகள் தயார். ஸ்டூவோடு வேகவிட்டால் வெட்டு மழுங்கிவிடும், கடைசியில் மேலே செருகுங்கள். மசித்த உருளைக்கிழங்கில் பேய் உருவம் பிழிவதானால் மாப்பிடிப்புள்ள ‘ரசெட்’ கிழங்கு ஒரு கிலோ, வெண்ணெய் 100 கிராம், சூடான பால் 150 மில்லிலீற்றர். கையால் மசியுங்கள், மிக்ஸியில் அரைத்தால் பசையாகும். கண்ணுக்குக் கறுப்பு எள். குழம்பின் மேல் வைத்தால் மூழ்கும், தட்டின் ஓரத்தில் பிழியுங்கள். மசித்த கிழங்கில் பரட்டைக்கீரையான கேலைக் கலந்த ‘கோல்கனன்’ அயர்லாந்தில் ஹலோவீனுக்கே உரிய உணவு. வட அமெரிக்காவில் பூசணிக்கு இடம் கொடுப்பதற்கு முன் அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கேற்றினார்கள். புகை வேண்டும் என்று உலர்பனிக்கட்டியை ஸ்டூவிலோ குடிபானத்திலோ போடாதீர்கள். ஒரு துண்டு வாய்க்குள் போனால் அதன் கடுங்குளிரால் உள்ளே புண்ணாகிவிடும். வாசலில் மெழுகுவர்த்தி எரிந்த பூசணியைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது.

இன்னொன்றையும் கட்டாயம் அச்சிட வேண்டும். நம் வீட்டு விருந்தில் மாட்டிறைச்சி உண்ணாதவர் எப்போதும் இருப்பார். மூன்று பூசணிகளில் ஒன்றைக் கொண்டைக்கடலையும் காளானும் இட்ட மரக்கறி ஸ்டூவுக்கு ஒதுக்கி, தனிச் சட்டியில் மரக்கறிச் சாற்றில் சமைத்து, தனித் தட்டில் வாட்டி, தனி அகப்பை போட்டு, பெயர் எழுதிய சீட்டையும் செருகிவையுங்கள். இருட்டில் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முஸ்லிம் விருந்தாளிகளுக்கு ஹலால் இறைச்சி வேண்டும், ஸ்டவுட் கூடாது. மது கொதித்தாலும் முழுதாக ஆவியாகிவிடுவதில்லை. கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாதவர் இருந்தால் மாவை விட்டுவிட்டு, முடிவில் சோளமா ஒன்றரை மேசைக்கரண்டியைக் குளிர்ந்த நீரில் கரைத்துச் சேருங்கள். பார்லியில் செய்யும் ஸ்டவுட்டும் அவர்களுக்கு ஆகாது.

அடுத்த அக்டோபர் சமையல் பக்கத்தில் படம் சற்றுச் சிறிதானாலும் பரவாயில்லை. பூசணியின் வகை, இறைச்சியின் பகுதி, ஓவன் சூடு, நேரம் ஆகியவற்றுக்கு அதே பக்கத்தில் இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
ஸ்காபரோ