துணைவினைகளுக்குத் துணையாக வருகிறவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வந்துகொண்டிருக்கும் ஆங்கில இலக்கணத் தொடரைப் பற்றி எழுதுகிறேன். மாங்குளத்திலிருந்து உள்ளே, பஸ் எப்போதாவது எட்டிப்பார்க்கும் ஒரு கிராமத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை நான். பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் சாதாரண தரப் பிள்ளைகள் சிலருக்குப் படிப்பிக்கிறேன். உங்கள் தொடரை அவர்கள் வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம். யாரும் வாசிக்காத பக்கமாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

கடந்த வாரம் துணைவினைகளை ஓர் அட்டவணையில் போட்டிருந்தீர்கள். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் அதற்கு ஒரு பொருள். ‘மே’ என்றால் அனுமதி, ‘மஸ்ட்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் அறிவுரை. பரீட்சைக்கு முதல் நாள் பாடமாக்க வசதிதான். ஆனால் இந்தச் சொற்கள் வாக்கியத்துக்குள் தனியாக வருவது குறைவு. ஒரு வினையடையையோ, காலத்தையும் இடத்தையும் நிலைமையையும் சொல்லும் ஒரு தொடரையோ கூட்டிக்கொண்டே வருகின்றன. எந்தப் பொருளை எடுப்பது என்று பெரும்பாலும் அந்தக் கூட்டாளிதான் சொல்கிறது. அதைப் பற்றித் தொடரில் ஒரு வரி கூட இல்லை.

என்னிடம் வரும் ஒரு பையனின் தகப்பனார் தோட்டத்துக்குப் புதிதாக நீர்ப்பம்பி வாங்கினார். அதனோடு வந்த கைநூல் முழுக்க ஆங்கிலம். அதில் ஒரு வரி: ‘இன் கோல்ட் வெதர் தி எஞ்சின் மே நாட் ஸ்டார்ட் இமீடியட்லி.’ மகன் அட்டவணைப்படி பொருள் சொன்னான்: ‘குளிர் காலத்தில் இயந்திரத்தை உடனே இயக்க அனுமதி இல்லை.’ தகப்பனார் அதை நம்பி, மார்கழியில் மிளகாய்க் கன்றுகளுக்கு விடியற்புறம் இறைப்பதை விட்டுவிட்டு வெயில் ஏறும்வரை காத்திருந்திருக்கிறார். வன்னியின் மார்கழியைக் குளிர் என்று அந்த இயந்திரம் ஒத்துக்கொள்ளுமா என்பது வேறு கதை. கைநூல் சொன்னது, குளிரில் இயந்திரம் உடனே இயங்காமல் போகலாம் என்பதைத்தான். அதே கைநூலின் வேறொரு பக்கத்தில், பம்பியைப் பெட்ரோல் இறைக்கப் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் இதே ‘மே நாட்’ வருகிறது. அங்கே அது தடைதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது எது? முதல் வாக்கியத்தில் ‘குளிர் காலநிலையில்’ என்ற தொடரும் ‘உடனே’ என்ற அடையும் இருக்கின்றன. தானாக நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றிப் பேசுகிறோம் என்று அவை காட்டிக்கொடுக்கின்றன. இயந்திரத்துக்கு யாரும் அனுமதி கொடுப்பதுமில்லை, மறுப்பதுமில்லை. இரண்டாவதில் ஒரு மனிதன் எதற்காகப் பயன்படுத்துகிறான் என்பது வருகிறது. அவனைத்தான் தடுக்க முடியும்.

‘மஸ்ட்’ சொல்லும் இப்படித்தான். ‘ஹி மஸ்ட் பி இன் வவுனியா பை டென்’ என்றால் பத்து மணிக்குள் அவன் அங்கே நிற்க வேண்டும், கட்டாயம். ‘பை டென்’ இருந்த இடத்தில் ‘பை நவ்’ வந்தால் கட்டாயம் காணாமல் போய்விடுகிறது. இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான் என்ற ஊகம் மிஞ்சுகிறது. இதில் நம் பிள்ளைகள் பயப்பட ஒன்றுமில்லை. தமிழில் அவர்களே இதைத் தினமும் செய்கிறார்கள். ‘பத்து மணிக்குள் அண்ணா வவுனியாவில் நிற்க வேண்டும்’ என்று சொல்லும் அதே வாய், ஏ9 வீதியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது ‘இந்நேரம் பஸ் கனகராயன்குளம் தாண்டியிருக்க வேண்டும்’ என்றும் சொல்கிறது. முதலாவது கட்டளை, இரண்டாவது ஊகம். ‘வேண்டும்’ ஒன்றுதான். ‘உள்ளே வரலாம்’, ‘அநேகமாக நாளை மழை வரலாம்’ என்பதும் அப்படியே. கையிலிருக்கும் இந்த அறிவைத் தொடாமல் அட்டவணையை நீட்டுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. அங்கேதான் தொடர் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். நாம் ‘மட்டும்’ என்பதை எதைக் கட்டுப்படுத்துகிறோமோ அதன் வாலிலேயே ஒட்டுகிறோம். ஆங்கிலம் பல வேளைகளில் ‘ஒன்லி’யைத் துணைவினைக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு, அது பிடித்திருக்கும் பொருளைத் தூரத்தில் வைக்கும். அயல் வீட்டுப் பெண் மாணவர் விசாவில் இங்கிலாந்தில் பட்டப்படிப்புப் படிக்கிறாள். அவளுடைய நிபந்தனைகளை உங்கள் வாசகன் ஒருவன் அவளின் தாய்க்கு வாசித்துக் காட்டினான். ‘மே ஒன்லி வர்க்’ என்ற இடத்தில் நிறுத்தி, ‘வேலை மட்டும்தான் செய்யலாம்’ என்றான். ‘அப்படியென்றால் படிப்பு?’ என்று தாய் திகைத்துப்போனார். வாக்கியத்தின் கடைசிவரை போயிருந்தால் வாரத்துக்கு 20 மணித்தியாலம், அதுவும் ‘இன் டேர்ம் டைம்’ என்று இருந்திருக்கும். அந்த ‘ஒன்லி’ பிடித்திருந்தது 20 மணித்தியாலத்தை. தவணைக் காலத்தில் என்ற அந்தச் சிறு தொடரை விட்டுவிட்டால், விடுமுறையில் முழுநேரமும் வேலை செய்யலாம் என்ற செய்தியும் போய்விடும்.

‘மே வெல்’ பற்றியும் சொல்ல வேண்டும். ‘இட் மே வெல் ரெய்ன்’ என்பதற்கு ‘நன்றாக மழை பெய்யலாம்’ என்று எழுதாத பிள்ளையை நான் இன்னும் சந்திக்கவில்லை. காலபோகத்துக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் அது நல்ல வாக்கு, இருக்கட்டும். ஆனால் இங்கே ‘வெல்’ மழையின் அளவைப் பற்றிப் பேசவில்லை. பெய்வதற்கு வாய்ப்பு அதிகம் என்று ‘மே’யைப் பலப்படுத்துகிறது. ‘மே பொசிப்ளி’ என்றால் வாய்ப்பு பாதியாகிவிட்டதா என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. ஒரே பொருளுள்ள இரண்டும் சேர்ந்து ஒரு வாய்ப்பைத்தான் சொல்கின்றன. மொழியியலாளர் ஜோன் லையன்ஸ் 1977இல் இத்தகைய சேர்க்கையை இசைவானது என்று குறித்தார். ‘ஒருவேளை வரக்கூடும்’ என்று நாம் சொல்வதில்லையா?

வெறும் துணைவினையை நம்பி எழுத முடியாது என்பது ஆங்கிலேயருக்கே தெரியும். பிரித்தானிய வீதி விதிக்கோவையில் ‘மஸ்ட்’ என்றால் சட்டம், ‘ஷுட்’ என்றால் ஆலோசனை என்று முன்னாலேயே சொல்லிவைத்திருக்கிறார்கள். இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை எழுதுகிறவர்களும் 1997இல் ‘மஸ்ட்’, ‘ஷுட்’, ‘மே’ ஆகியவற்றுக்குத் தனியாக ஒரு வரைவிலக்கண ஆவணமே வெளியிட்டார்கள். நீர்ப்பம்பிக் கைநூலுக்கு அப்படி யாரும் அகராதி சேர்த்து அனுப்புவதில்லை.

‘பை’, ‘அன்டில்’ இரண்டையும் குழப்புவது வேலை தேடும் பிள்ளைகளுக்கு வரும் வருத்தம். ‘மஸ்ட்’ போட்டு ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்குள் ஒருமுறை கொடுத்தால் போதும். ‘அன்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளி வரைக்கும் தொடர்ந்து. நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பித்த ஒரு பிள்ளை, சான்றிதழ்களை ‘மஸ்ட் சென்ட் அன்டில் ஃப்ரைடே’ என்று நினைவுக் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். தினமும் அனுப்பப் போகிறாயா என்று கேட்டேன். அரச விளம்பரங்களில் வரும் ‘அன்று அல்லது அதற்கு முன்னர்’ என்ற தொடரைக் காட்டினேன், உடனே பிடித்துக்கொண்டாள்.

ஆகவே ஆசிரியருக்கு என் வேண்டுகோள்: அட்டவணையை விட்டுவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒரு துணைவினையை எடுத்து, அதே சொல் வெவ்வேறு கூட்டாளிகளோடு வரும் முழு வாக்கியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். இடம் போதாது என்றால், ‘வில்’லுக்குப் பின்னால் ‘ப்ரொபப்ளி’ வரும், ‘வோன்ட்’ என்றால் முன்னால் வரும் என்பது போன்ற விதிகளைச் சிறு எழுத்தில் ஓரத்தில் போடலாம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாலும் நல்லது, விறாந்தை வெளிச்சத்தில் உங்கள் அட்டவணையை நானே கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் ‘ஷுட்’ என்று அறிவித்திருக்கிறீர்கள். ‘யூ ஷுட் கம் பிஃபோர் நூன்’, ‘த பஸ் ஷுட் பி ஹியர் பை நூன்’ இரண்டையும் தயவுசெய்து ஒரே பெட்டிக்குள் போடாதீர்கள். முதலாவது எனக்குச் சொல்லும் அறிவுரை. இரண்டாவதில் பஸ்ஸுக்கு யாரும் புத்தி சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
மாங்குளம்.