குமரி மாவட்ட டயர், அலாய் கடைக்காரர்களுக்கு ஒரு வாடகைக் கார் ஓட்டுநரின் திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும்,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம் என்று நம் மாவட்டம் முழுக்க டயரும் அலாய் வீலும் விற்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனி கொடுத்த வீலைக் கழற்றிவிட்டுப் பெரிய அலாய் மாட்டும் முன்பு, வண்டியின் சுகம் எவ்வளவு குறையும் என்பதை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். டிசைன் சொல்கிறீர்கள், விலை சொல்கிறீர்கள், தவணை சொல்கிறீர்கள். பின் சீட்டில் உட்காருகிறவரின் முதுகைப் பற்றி மட்டும் யாரும் பேசக் காணோம்.

என் சவாரியில் பெரும்பங்கு திருவனந்தபுரத்துக்குத்தான். மெடிக்கல் காலேஜ், ஆர்சிசி என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி, கண் ஆஸ்பத்திரி என்று விடியும் முன்பே புறப்பட வேண்டியிருக்கும். நம் மாவட்டத்தில் யார் வீட்டுக்கும் இது புதிதல்ல. வருகிறவர்களில் ஆபரேஷன் முடிந்தவர்கள் உண்டு, கீமோ ஏற்றிக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு, நிறைமாதக் கர்ப்பிணிகள் உண்டு. இவர்களுக்கு வண்டி குலுங்காமல் போவது சொகுசு கிடையாது. வலி கூடுமா குறையுமா என்பதே அதில்தான் இருக்கிறது.

தண்டுவட ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு அம்மாவை ஒருமுறை செக்-அப்புக்குக் கூட்டிப்போனேன். நான் ஓட்டிய மாருதி டிசையர் காருக்கு முதலாளி அப்போதுதான் 17 இஞ்ச் அலாய் போட்டிருந்தார். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறினோம். பாலத்து இணைப்பு ஒவ்வொன்று வரும்போதும் அந்த அம்மா இரண்டு உள்ளங்கையையும் சீட்டில் ஊன்றி உடம்பைச் சற்றே தூக்கிக்கொண்டார். வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. நான் முப்பதில்தான் போனேன், அப்படியும் ஒவ்வொரு இணைப்பும் 'டக்'கென்று தரையிலிருந்து நேராக ஏறியது. அடுத்த முறை அவர் வரும்போது அதே மாடலில் கம்பெனி 14 இஞ்ச் வீலோடு இருந்த வேறு வண்டியை எடுத்துப் போனேன். அதே ரோடு, அதே வேகம். திரும்பும்போது பாறசாலை வருவதற்குள் தூங்கிவிட்டார்.

காரணம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் கணக்காகவே சொல்கிறேன், கவுண்டரில் நிற்கிற தம்பிமார் சிலருக்கு இதை யாரும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. டிசையரில் ஆரம்ப மாடல் 165/80 ஆர்14 டயரில் வரும். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். அந்த அகலத்தில் 80 சதவீதம் சைடுவால் உயரம், அதாவது ரிம்முக்கு வெளியே தெரிகிற டயரின் பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர். ஆர்14 என்பது 14 இஞ்ச் ரிம். மேல் மாடலில் வரும் 185/65 ஆர்15 என்றால் 120. 16 இஞ்ச் ரிம்மில் 195/55 போட்டால் 107. 17 இஞ்ச் ரிம்மில் 205/45 போட்டால் 92. நாலு டயருக்கும் வெளிவட்டம் 62 சென்டிமீட்டரை ஒட்டியே வருகிறது. அதனால் ஃபெண்டருக்குள் சரியாக உட்காரும், ஸ்பீடாமீட்டரும் பெரிதாகத் தப்பாது. 'கரெக்ட் சைஸ்தான் அண்ணே' என்று நீங்கள் சொல்வது அந்த அளவில் உண்மை. ஆனால் ரிம் பெரிதானபோது அதற்கான இடம் ரப்பரிலிருந்துதான் எடுக்கப்பட்டது. 132 எங்கே, 92 எங்கே? நாலு சென்டிமீட்டர் காற்றும் ரப்பரும் போய்விட்டது.

'ஷாக் அப்சார்பர் இருக்கே, அது பாத்துக்கும்' என்று ஒரு கடையில் சொன்னார்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் பார்த்துக்கொள்வது பெரிய ஏற்ற இறக்கத்தை: ஸ்பீடு பிரேக்கர், ரோடு அமுங்கின இடம், பாலம் ஏறுகிற மேடு. ஜல்லி பெயர்ந்த தார், குழாய் பதிக்கத் தோண்டி மூடின கோடு, பாலத்து இணைப்பு, மேன்ஹோல் மூடியின் விளிம்பு போன்றவை சின்னதாகவும் சுருக்கென்றும் வருகிற அடிகள். அவ்வளவு வேகத்தில் ஷாக்கின் ராடு இறங்கித் தாங்கிக்கொள்ள நேரம் கிடையாது. அதை முதலில் வாங்கிக்கொள்வது டயரின் சைடுவால்தான். அது வளைந்து நிமிர்ந்தால் அடி அங்கேயே கரைகிறது. வளைய இடமில்லாவிட்டால் ரிம், வீலை மாட்டுகிற ஹப், லோயர் ஆர்ம், பாடி என்று ஏறி மனிதனின் இடுப்புக்கு வருகிறது. நம் மாவட்டத்து ரோட்டில் பெரிய பள்ளங்களைவிட இந்தச் சின்ன அடிகள்தான் அதிகம். தென்மேற்குப் பருவமழை ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஒருமுறை என்று வருடத்தில் இரண்டு தடவை நனைகிற ரோடு இது, ஒட்டுப்போட்ட இடம் இல்லாமல் எங்கே இருக்கும்?

ரப்பர் பால் வெட்டி, ஷீட் அடித்துக் காயப்போட்டுப் பிழைக்கிற குடும்பங்கள் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் எத்தனையோ இருக்கின்றன. டயர் கம்பெனிக்காரன் சைடுவாலில் இயற்கை ரப்பரை விடாமல் சேர்ப்பது, லட்சக்கணக்கான தடவை வளைந்தாலும் அதிகம் சூடேறாமல் நிமிர்கிற அதன் குணத்துக்காகத்தான். அந்தக் குணம் நமக்கு வேலை செய்ய வேண்டுமானால் வளைவதற்கு அதற்குக் கொஞ்சம் உயரம் வேண்டும்.

அடுத்தது எடை. 'அலாய் என்றாலே வெயிட் கம்மி' என்று எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். ஒரே அளவில், நன்றாகச் செய்த அலாய்க்கு அது சரி. 14 இஞ்ச் இரும்பு ரிம்மையும், மலிவு விலைக்கு வார்த்த 17 இஞ்ச் அலாயையும் தராசில் வைத்தால் பல நேரம் அலாய்தான் கனக்கும். வீல், டயர், பிரேக், ஹப் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை. அது கூடினால் வீல் மேலே துள்ளியபின் ரோட்டுக்குத் திரும்ப நேரமெடுக்கும், ஷாக்கால் அதை எளிதில் அடக்க முடியாது. உட்காருகிறவருக்கு அது ஓயாத நடுக்கமாகத் தெரியும். போதாததற்கு, பெரிய ரிம்மில் எடை வெளி ஓரத்தில் இருக்கிறது. சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் பலம் வேண்டும். 'அலாய் மாத்தினதுலேர்ந்து பிக்கப் இல்ல, மைலேஜும் இறங்கிப் போச்சு' என்று ஸ்டாண்டில் புலம்புகிறவர்கள் பொய் சொல்லவில்லை.

காற்று விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. சைடுவால் குறைந்த டயருக்குள் காற்றின் அளவும் குறைவு, அதனால் அதே பாரத்தைத் தாங்க அழுத்தம் சற்றுக் கூடத்தான் வேண்டும். அதோடு ரிம் அடிபடக் கூடாது என்று 40 பிஎஸ்ஐ வரை காற்று ஏற்றி அனுப்புகிற கடைகள் இருக்கின்றன. ஏற்கெனவே விறைப்பான டயர் இன்னும் விறைக்கிறது, நடுப்பகுதி சீக்கிரம் தேய்கிறது, மழையில் பிடியும் குறைகிறது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் கம்பெனி டயருக்கு எவ்வளவு காற்று என்று இருக்கும். அளவு மாற்றினால், புது டயரின் லோடு இண்டெக்ஸை, அதாவது அது தாங்கும் எடையைக் குறிக்கிற எண்ணைப் பார்த்து அதற்கேற்பக் கணக்குப் போட்டு, அந்த எண்ணை வாடிக்கையாளரிடம் எழுதிக் கொடுங்கள். டயர் ஆறியிருக்கும்போது பார்க்கிற அளவு அது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லோடு இண்டெக்ஸ் என்றதும் இன்னொன்று. 165/80 ஆர்14-இல் வழக்கமாக 85 என்று இருக்கும், ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 205/45 ஆர்17-ஐ 84-லும் செய்கிறார்கள், 88-லும் செய்கிறார்கள். 84 என்றால் 500 கிலோ, 88 என்றால் 560. பார்க்க இரண்டும் ஒரே டயர்தான். விலை குறைவென்று 84-ஐ மாட்டி, ஐந்து பேரும் டிக்கி நிறையச் சாமானுமாகக் கல்யாணத்துக்குக் கிளம்பினால் என்ன ஆகும்? பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவில் சைடுவால் நசுங்கி உள்ளே நூல் அறுகிறது. மறுநாள் காலையில் வெளியே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. அதை ஒட்டவும் முடியாது, பேட்ச் போடவும் முடியாது, அந்த டயர் அத்தோடு சரி. ஹைவேயில் போகும்போது அது வெடித்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் ஹப் ரிங். இதை எழுதாமல் விடவே முடியாது. மாருதி சின்ன வண்டிகளில் ஹப்பின் நடுமேடு 54.1 மில்லிமீட்டர். வெளியே வாங்குகிற அலாய்கள் பல வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று 67.1 அல்லது 73.1 மில்லிமீட்டர் ஓட்டையோடு வரும். நடுவில் இருக்கிற அந்த இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். போடாவிட்டால் வீலை நடுவில் பிடித்துவைக்க போல்ட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. மயிரிழை விலகினாலும் எண்பதுக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கும். வாடிக்கையாளர் திரும்பி வருவார், பேலன்சிங் செய்து அனுப்புவீர்கள். மறுபடி வருவார், அலைன்மென்ட் பாருங்கள் என்பீர்கள். மூன்றாம் முறை அவர் வேறு கடைக்குப் போய் ஷாக்கையும் புஷ்ஷையும் மாற்றிக் காசைக் கரியாக்குவார். இந்த அலைச்சலை ஒரு சின்ன வளையம் மிச்சம் பிடிக்கும். அலாய் விலையோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

ஆஃப்செட், அதாவது ஹப்பில் உட்காருகிற முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்கிற அளவு, தவறினாலும் இதே கதைதான். வீல் வெளியே தள்ளி நின்றால் பார்க்க எடுப்பாக இருக்கும். பேரிங்குக்குப் பாரம் கூடும், ஒவ்வொரு குழியும் ஸ்டியரிங்கை இழுக்கும், ஆள் நிறைந்தால் மட்கார்டில் உரசும். களியக்காவிளை தாண்டினால் கேரள வாகனத் துறைக்கு அபராதம் கட்ட வேண்டிவரலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றினால் கிளெய்ம் நேரத்தில் கேள்வி வரலாம். இதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும், வேறு யார் சொல்வார்கள்?

பெரிய வீல் வேண்டவே வேண்டாம் என்று நான் வாதிடவில்லை. சைடுவால் குறைந்தால் வளைவில் வண்டி சாய்வது குறையும், ஸ்டியரிங் திருப்பினதும் கேட்கும். கம்பெனியே மேல் மாடலுக்கு 16, 17 கொடுக்கிறது என்றால் அதற்கேற்ற ஷாக், ஸ்பிரிங் எல்லாவற்றையும் சேர்த்து ஓட்டிப் பார்த்துத்தான் கொடுக்கிறது. இளவட்டப் பையன் தனியாக ஓட்டுகிற வண்டிக்கு, எல்லாம் தெரிந்தே கேட்டால், தாராளமாக மாட்டிக் கொடுங்கள். கம்பெனி அளவுக்கு மேல் ஒரு இஞ்ச்சோடு நிறுத்துங்கள் என்பது மட்டும் என் அபிப்பிராயம்.

வாடகை வண்டி வந்தால் மட்டும் ஒரு நிமிஷம் பேசுங்கள். யாரை ஏற்றுகிறீர்கள் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி சவாரி என்றால் அந்த 14 இஞ்ச், 15 இஞ்ச் வீலிலேயே நல்ல டயராகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். அழகு வேண்டுமென்றால் அதே அளவில் அலாய் இருக்கிறதே, அதை எடுத்துக் காட்டுங்கள், உங்களுக்கும் வியாபாரம் ஆகும். டயர் தயாரான வாரமும் வருடமும் அதன் சைடுவாலில் நாலு இலக்கத்தில் இருக்கிறது, 2423 என்றால் 2023-இன் 24-ஆம் வாரம். அதையும் லோடு இண்டெக்ஸையும் பில்லில் எழுதுங்கள். 165/80 ஆர்14 கேட்டால் 'ஸ்டாக் இல்லை, பெரிய சைஸ் போட்டுரலாம்' என்று சொல்லாமல், ஒரு செட்டாவது கடையில் எப்போதும் இருக்கும்படி பாருங்கள்.

கடைசியாக, கழற்றின பழைய நாலு வீலையும் அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மாதம் வீட்டில் வைத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஓட்டிப் பார்க்கட்டும். மனது மாறித் திரும்பி வந்தால், மாட்டுகிற கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு பழையதை மாட்டிக் கொடுங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு வாடகைக் கார் ஓட்டுநர்