ஆமை மணலைத் தின்பது விளையாட்டல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முறைப்படி பதிவு செய்து எங்கள் வீட்டில் வளர்க்கும் ஆப்பிரிக்க சல்காட்டா ஆமை, கூண்டில் விரித்திருந்த ஆற்று மணலையும் தென்னை நார்க்கழிவையும் தின்னத் தொடங்கியபோது, ‘அது விளையாட்டுத்தான்’ என்று விற்றவர் சொன்னதை நம்பி நான்கு நாள்களை வீணாக்கினேன். எச்சம் முழுக்க மணலாக வந்த பிறகே கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றேன். சுண்ணாம்புச் சத்தோ நார்ச்சத்தோ குறைந்தால் ஆமை மண்ணைத் தின்னக்கூடும் என்றும், மணல் குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து என்றும் அவர் விளக்கினார். வெள்ளரியும் தக்காளியுமே போட்டு வந்த என் தவறு அப்போதுதான் உறைத்தது.

இப்போது மணலை அள்ளிவிட்டு, ஒரு கடப்பாக்கல்லின் மேல் தீனி வைக்கிறேன். புல்வெளி உயிரினமான அதற்கு நம் கொறங்காட்டில் (கொங்கு நாட்டு மேய்ச்சல் நிலத்தில்) விளையும் கொழுக்கட்டைப் புல்லே முக்கால் பங்குக்கு மேல். மீதிக்குச் செம்பருத்தி இலை, சுண்ணாம்புச் சத்துக்காகக் கடித்துக்கொள்ள ஒரு கணவாய் மீன் ஓடு. வெயில் படாவிட்டால் வைட்டமின் டி3 போதிய அளவு உருவாகாது. தின்ற சுண்ணாம்பும் உடலில் சேராது. ஆமை விற்கும் கடைகள் தீனி விவரத்தைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கால்நடைத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், காங்கேயம்