வசவுக்கு விலாசம் இருக்கிறதா என்று பார்

திருப்பூர்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணி வந்து நாத்து விட்டாச்சு என்று எழுதியிருந்தாய், சந்தோசம். மாமாவுக்குக் கண் ஆபரேசன் நல்லபடியா முடிந்ததில் இங்கே எல்லாருக்கும் நிம்மதி. எங்கள் பக்கம் எப்போதும்போலத்தான். பனியன் கம்பெனிகளில் ஒரு மாசம் ஆர்டர் கொட்டும், மறுமாசம் காயும். அம்மாவுக்கு முட்டி வலி இன்னும் விடவில்லை, மத்தபடி சௌக்கியம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பையன் லீவுக்கு வந்து என்.டபிள்யூ.ஏ என்ற அமெரிக்கக் கறுப்பு ராப் குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பத்தை ஓடவிட்டான், ரெண்டாவது பாட்டு முடிவதற்குள் எழுந்து போய்விட்டேன், இதில் பாராட்ட என்னடா இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். கெட்ட வார்த்தை இல்லாத வரியை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டும், வாஸ்தவம். ஆனால் வசவு எல்லாம் ஒரே தரம் இல்லை. சிலதுக்கு விலாசம் உண்டு. யாரைத் திட்டுகிறான், எதுக்குத் திட்டுகிறான் என்று கேட்கிறவனுக்குத் தெரியும். சிலது விலாசமே இல்லாமல் கண்டவர்கள் மேல், முக்கியமாகப் பெண்கள் மேல், போய் விழும். முதல் வகைக்காகத்தான் அந்த ஆல்பத்தைப் பெரிய படைப்பு என்று சொல்கிறேன். ரெண்டாவது வகைக்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

அதற்கு முன்னால் ஒன்று. எதில் கேட்டாய்? போனை மேசையில் வைத்து என்றால் பாதிப் பாட்டுத்தான் உன் காதுக்கு வந்திருக்கிறது. அந்தக் காலத்து ராப்பில் அடித்தாளத்துக்கு ரோலண்ட் 808 என்ற டிரம் மெசின்தான் அச்சாணி. அதன் கிக் சத்தம், அதாவது ‘தம்’ என்று விழும் அடி, சுமார் 50 ஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கும். போனில் இருக்கிற பொட்டு ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. அப்போது என்ன ஆகும்? அடி போய்விடும், குரலும் ஸ்னேர் என்கிற சுளீர் டிரம்மும் மட்டும் மிஞ்சும். தாளத்தின் மேல் உட்கார்ந்து வர வேண்டிய வசவு அம்மணமாகக் காதில் விழும். ‘வெறும் திட்டுதானே’ என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் இப்படிக் கேட்டவர்கள்தான். பையனிடம் காதை முழுக்க மூடும் ஹெட்போன் இருக்கும், வாங்கிக்கொள். இல்லையென்றால் எட்டங்குல வூஃபர் உள்ள பழைய செட் போதும். ‘பேஸ் பூஸ்ட்’டை மட்டும் அணைத்துவிடு. அது அடியை ஊதவைத்துக் குரலின் கீழ்ப்பாகத்தை மூடிவிடும். குழுவின் பாடகன் ஐஸ் கியூபின் உச்சரிப்பு, அந்த ஆல்பத்தின் உயிரே அதுதான், கொழகொழ என்று ஆகிவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. நாலு அடி ஒரு சுற்று. நம் ஆட்கள் ஒன்றிலும் மூன்றிலும் கை தட்டுவார்கள், அங்கேதான் பிடி நழுவுகிறது. ரெண்டிலும் நாலிலும் தட்டு, ஸ்னேர் விழுகிற இடம் அது. தலைப்புப் பாட்டின் வேகம் நிமிசத்துக்கு நூறு அடியைச் சற்றே தாண்டும், ஆக ஒரு சுற்றுக்கு ரெண்டேகால் வினாடி போல ஆகும். ராப்பில் ஒரு கண்ணிக்கு வழக்கமாகப் பதினாறு சுற்று. முப்பத்தேழு முப்பத்தெட்டு வினாடிக்குள் தன் பேர், ஊர், குணம், எதிராளிக்கு எச்சரிக்கை எல்லாவற்றையும் ஒருத்தன் சொல்லி முடிக்க வேண்டும். நாம் எதுகை, மோனைக்குப் பழகிய காதுக்காரர்கள். வரி தொடங்கும் இடத்திலேயே ஒலி ஒப்புமையைத் தேடுவோம். இவர்களுக்கு எல்லாம் கடைசியில், அதாவது இயைபு. வரியின் வாலைக் கவனி. பல இடங்களில் வசவு அந்த நாலாவது அடியில்தான் விழும், ஸ்னேரோடு சேர்ந்து. எடுத்துவிட்டால் பல் விழுந்த வாய் மாதிரி அந்த இடம் பொக்கையாகிவிடும்.

இதனால்தான் ‘கிளீன்’ பதிப்பை வாங்கிக் கேட்காதே என்கிறேன். வார்த்தையைத் துடைத்த இடத்தில் தாளமே தடுக்கும். அது ஒழுக்கமும் இல்லை, பாட்டும் இல்லை. செயலியில் தேடும்போது பாட்டுப் பேருக்குப் பக்கத்தில் ‘ஈ’ (E) என்ற இங்கிலீஷ் எழுத்து இருந்தால் அதுதான் வெட்டாத பதிப்பு. 1988-இல் வந்த மூலத்தில் பதிமூன்று பாட்டு. அதற்கு மேல் இருந்தால் பின்னால் ஒட்டியவை, பதிமூன்றோடு நிறுத்திக்கொள்.

தலைப்புப் பாட்டின் டிரம்முக்கு ஒரு கதை உண்டு. தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 1969-இல் வெளியிட்ட ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டின் நடுவில் மற்ற வாத்தியங்கள் நின்று டிரம் மட்டும் நாலு சுற்று தனியே ஓடும். மொத்தம் ஏழு வினாடி போலத்தான். வாசித்தவர் கிரிகரி கோல்மன். அதை வெட்டி, வேகத்தைக் குறைத்து இங்கே போட்டிருக்கிறார்கள். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். சிம்பல் மணல் போலக் கரகரக்கும், ஸ்னேர் தடிக்கும். அந்த முரட்டுத்தனம் இப்படி வந்ததுதான். பழைய பாட்டுத் துண்டைப் பதிந்து திரும்ப வாசிக்கும் அந்தக் காலத்து சாம்பிளர்களில் இருந்த இடப் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. எஸ்பி-1200 என்ற பெட்டியில் மொத்தமே பத்து வினாடி ஒலிதான் அடங்கும், அதுவும் பன்னிரண்டு பிட் தரத்தில். இடத்தை மிச்சப்படுத்த, நிமிசத்துக்கு 33 முறை சுழல வேண்டிய இசைத்தட்டை 45 முறை சுழலவிட்டுப் பதிந்து, பெட்டிக்குள் மறுபடி மெதுவாக்குவார்கள். மெதுவாக்கும்போது ஒலி பொரபொரவென்று உதிரும். அந்தப் பொரபொரப்பே பிறகு ரசனையாகிவிட்டது. கோல்மனின் அந்த ஏழு வினாடியை எத்தனையோ பேர் எடுத்தாண்டார்கள், அவருக்கு ஒரு காசு வரவில்லை, 2006-இல் இறந்துபோனார். போலீஸ் அநியாயத்தைப் பற்றி ஆவேசப்படுகிற ஆல்பம் இந்த அநியாயத்தின் மேல் ஏறி நிற்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

நீ எழுந்துபோன ரெண்டாவது பாட்டு. அதன் பேரையே இங்கே எழுத முடியாது, போலீசை நோக்கிய வசவு அது. ஆனால் கட்டுமானத்தைப் பார். கோர்ட்டு நடக்கிறது. குழுவின் இசையமைப்பாளர் டாக்டர் ட்ரே நீதிபதி. பாடகர்கள் ஐஸ் கியூப், எம்சி ரென், ஈஸி-ஈ மூவரும் கூண்டேறிச் சாட்சி சொல்கிறார்கள், கியூப் முறைப்படி சத்தியமும் செய்கிறான். இடையில் ஒரு பையனை வண்டியோடு நிறுத்திப் போலீஸ் மிரட்டும் சின்னக் காட்சி. கடைசியில் குற்றவாளி என்று தீர்ப்பு வருவது போலீஸ்காரனுக்கு. நிஜ கோர்ட்டில் நடக்காததைப் பாட்டில் நடத்திக் காட்டுகிறார்கள். கியூபுக்கு அப்போது வயது பத்தொன்பது. அவன் குற்றச்சாட்டு துல்லியமானது: கொஞ்சம் தங்கமும் ஒரு பேஜரும் இருந்தால் போதைமருந்து விற்கிறவன் என்று முடிவு கட்டி வண்டியைக் குடைகிறார்கள், கறுப்புப் போலீஸ்காரன் வெள்ளைக்காரன் முன்னால் பேர் வாங்க இன்னும் எச்சாக அடிக்கிறான். இந்த வசவுக்கு விலாசம் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் 1987-இல் ‘ஆபரேஷன் ஹேமர்’ என்று ரவுடிக் கும்பல் வேட்டை ஒன்றைத் தொடங்கியது. 1988 ஏப்ரலில் ஒரே வார இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப்போனார்கள், பெரும்பாலோரை வழக்கே இல்லாமல் விட்டார்கள். இவர்கள் ஊரான காம்ப்டன் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்து ஊர், அதற்கு அப்போது தனிப் போலீஸ். ஆனாலும் கதை ஒன்றுதான்.

அதே பாட்டில் போலீஸ்காரனைக் கொல்வேன் என்கிற வரிகளும் இருக்கின்றன, அதை மறைத்துப் பேசினால் அது ரசனை இல்லை, வியாபாரம். இதைக் காட்டித்தான் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் உதவி இயக்குநர் மில்ட் ஆலரிச் 1989 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஆல்பத்தைக் கடைக்கு அனுப்பிய பிரயாரிட்டி ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். 1988-இல் பணியில் கொல்லப்பட்ட அதிகாரிகள் 78 பேர் என்று அதில் கணக்குச் சொன்னார். தடை, வழக்கு எதுவும் போடவில்லை. அந்தக் கடிதத்தால்தான் ஆல்பம் விற்றது என்று பலரும் எழுதுவார்கள், நம்பாதே. ஜூலையிலேயே பத்து லட்சம் பிரதிக்கான பிளாட்டினம் சான்று வாங்கியாச்சு. ரேடியோ தொடவில்லை, எம்டிவி தலைப்புப் பாட்டின் வீடியோவைப் போட மறுத்தது, அப்படியும். 1991 மார்ச்சில் ராட்னி கிங் என்ற கறுப்பரை லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸ் அடித்த வீடியோ வெளிவந்த பிறகுதான் இந்தப் பாட்டைச் சாட்சியமாகக் கேட்க ஆரம்பித்தார்கள். 2016-க்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைச் சேர்த்தது. ஒரே அரசாங்கம், ஒரு கையால் கண்டித்து மறு கையால் பெட்டகத்தில் வைத்தது.

‘நான்’ என்று பாடினால் பாடுகிறவன் அதையெல்லாம் செய்தான் என்று எடுத்துக்கொள்ளாதே. அண்ணமார் கதையை உடுக்கடியோடு விடிய விடியக் கேட்டவன் நீ. அதில் விழாத தலையா, வாங்காத பழியா? உடுக்கைக்காரர் மேல் யாரும் கேஸ் போடவில்லையே. கியூப் இந்த ஆல்பத்துக்கு முந்தின வருசம் அரிசோனாவில் கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்த பையன். ஈஸி-ஈ பாடுவதில் பெரும்பாலான வரிகள் கியூபும் ரென்னும் எழுதியவை. ஈஸிக்கு ஆரம்பத்தில் தாளமே நிற்காது. அவன் முதல் பாட்டை ட்ரே வரிவரியாகப் பாடவைத்து ஒட்டினார். அந்த எகத்தாளமான மூக்குக் குரல் மட்டும் யாருக்கும் வாய்க்காது.

மூவரில் தொழில் சுத்தம் ரென்னுக்குத்தான் என்பது என் கட்சி. கியூபுக்குக் கோபம், ஈஸிக்குக் குரல், ரென்னுக்கு மூச்சு. நாலாவது பாட்டை (‘இஃப் இட் எய்ன்ட் ரஃப்’) தனியாகக் கேள். முழுக்க அவன்தான். மூச்சு எங்கே இழுக்கிறான் என்று பார். வரி முடியும் இடத்தில் இழுக்காமல் அடுத்த வரிக்குள் கொஞ்சம் போய்விட்டு இழுப்பான். அதனால் வரிகளின் மூட்டுத் தெரியாது.

எட்டாவது பாட்டு ‘எக்ஸ்பிரஸ் யுவர்செல்ஃப்’ ஒரு வேடிக்கை. சார்லஸ் ரைட் குழுவின் 1970 பாட்டை அடியாக வைத்தது. எழுதியது கியூப், பாடியது ட்ரே. ஆல்பத்திலேயே கெட்ட வார்த்தை ஏறக்குறைய இல்லாத பாட்டு இது. பொருள் என்ன தெரியுமா? வீட்டில் கெட்ட வார்த்தை பேசிவிட்டு மைக் முன்னால் வந்ததும் ரேடியோவுக்குப் பயந்து நாக்கைக் கழுவிக்கொள்கிற பாடகர்களைக் கிண்டல் செய்வது! கழுவின நாக்கோடே அதைச் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது கேட்க இது ஒன்றுதான் தோது. கஞ்சா தொடமாட்டேன் என்று இதில் சொல்லும் ட்ரே 1992-இல் கஞ்சாவின் பேரிலேயே ஆல்பம் போட்டார், அது வேறு விசயம்.

இனி என் மனத்தாங்கல். பத்தாவது பாட்டு, பதினொன்றாவது பாட்டு. பெண் என்றால் காசு பிடுங்க வந்தவள் என்று ஒன்று, போதைக்கு அடிமையானவளை இழிவாகப் பேசுவது இன்னொன்று. இங்கே சாட்சி இல்லை, கோர்ட்டு இல்லை, வசவுக்கு விலாசமும் இல்லை. ‘பாத்திரம் பேசுகிறது’ என்ற சமாதானத்தை நான் மேலே சொன்னேன், இங்கே அது செல்லாது. பாத்திரம் என்றால் எதிர்க்குரலுக்குக் கொஞ்சமாவது இடம் இருக்க வேண்டும். ‘ஐ எய்ன்ட் தா ஒன்’ பாட்டில் பெண் குரல் வருகிறது, ஏமாற்றுக்காரியாக மட்டும். அதோடு 1991 ஜனவரியில் டீ பார்ன்ஸ் என்ற தொலைக்காட்சிச் செய்தியாளரை ட்ரே அடித்தார். கோர்ட்டில் குற்றச்சாட்டை எதிர்க்கவில்லை, 2015-இல்தான் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். பாட்டில் இருந்தது பாட்டோடு நிற்கவில்லை. உன் மகள்கள் காதில் அது விழுவது பற்றி உனக்கு வெசனம் என்றால் அது பத்தாம்பசலித்தனம் இல்லை. பையனிடம் ஆல்பத்தை நிறுத்தச் சொல்லாதே. அந்த ரெண்டு பாட்டைப் பற்றி என்ன நினைக்கிறான் என்று கேள். ரசிகனுக்கு அது நல்ல பரீட்சை.

பன்னிரண்டு பரவாயில்லை, பாடுவது ரென். பதிமூன்று பழைய எலக்ட்ரோ ஆட்டப் பாட்டு, இந்த ஆல்பத்தில் அதற்கு என்ன வேலை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பாட்டு மனப்பாடம் ஆனாலும் குழுவின் பேரிலேயே ஒளிந்திருக்கிற, கறுப்பர்களை இழிக்கும் அந்த இனச் சொல்லை நீயோ பையனோ வாய்விட்டுப் பாட வேண்டாம். அது அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. பொங்கநோம்பிக்குப் பசங்கள் மைக்செட்டில் போடுகிறேன் என்று கிளம்பினால் கம்முனு தடுத்துவிடு. பொது இடத்தில் ஆபாசப் பாட்டுப் பாடினால் இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதா 296-ஆம் பிரிவில் மூன்று மாசம் வரை உள்ளே, ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். இங்கிலீஷ் யாருக்குப் புரியும் என்று சொல்வார்கள். கோபியில் எல்லாருக்கும் புரியும்.

கேட்க வேண்டிய வரிசை இது: எட்டு, நாலு, ஒன்று, அப்புறம் ரெண்டு. ரெண்டாவதை ஒரே மூச்சில் கேள், ஐந்தே முக்கால் நிமிசம்தான். மூன்றாவதும் ஐந்தாவதும் அடுத்த நாளைக்கு. பிடிக்கவில்லை என்றால் எந்த இடத்தில் என்று நிமிசக் கணக்கோடு எழுது, சண்டை போடலாம்.

மஞ்சள் வெட்டினதும் அம்மாவுக்கு ஒரு கிலோ விரலி மஞ்சள் எடுத்து வை, கடையில் வாங்குவது ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பழனிச்சாமி